ஹெட்ஜ் கட்டை: நவம்பர் குறிப்புகள்

நவம்பர் 4, திங்கள்

பட்டறைச் சாவி என்னிடம் இருக்கிறது. நாயும் என்னிடம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னது இரண்டே விஷயம்: நாய்க்கு ராத்திரி சாப்பாடு போட்டுவிடு, லேத்துப் பக்கத்தில் இருக்கும் கட்டையை வாத்து ஊதலாக முடித்துப் பேரனிடம் கொடுத்துவிடு. வாத்து வேட்டை சீசன் 23ஆம் தேதி திறக்கிறது. அதற்குமேல் பேச அவருக்கு மூச்சு இல்லை.

கடிகாரத்தைப் பின்னே தள்ளி வைத்ததிலிருந்து ஐந்தரைக்கெல்லாம் இருட்டு. நாய் அவர் வாசலை விட்டு வரமாட்டேன் என்கிறது.

நவம்பர் 5

ஐ.சி.யு.வில் குடும்பத்தாருக்கு மட்டும்தான் அனுமதி. பக்கத்து வீடு என்று சொல்லிப் பார்த்தேன்.

நவம்பர் 6, புதன்

ஆபீஸ் முடிந்து நேரே பட்டறைக்குப் போய் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வேலையும் செய்யவில்லை. கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஹெட்ஜ் மரம். ஓசேஜ் ஆரஞ்சு என்றும் சொல்வார்கள். பெரியவருடைய அப்பா அமெரிக்காவின் இந்த ஆர்கன்சா மாநிலத்தில், ஸ்டட்கார்ட் பக்கம் நெல் போட்டவர். அந்த நிலத்து வேலிக்கம்பம் இது. 1874இல் கிளிடன் என்பவர் முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கும்வரை இந்த மரத்தையே நெருக்கி நட்டு, கிளையைக் கோத்து வேலியாக வளர்த்திருக்கிறார்கள். கம்பி வந்ததும் அதே மரம் கம்பியைத் தாங்கும் கம்பமாகிவிட்டது. மண்ணுக்குள் எத்தனை வருஷம் நின்றாலும் சுலபத்தில் உளுக்காது, கறையானும் அண்டாது. வைரம் பாய்ந்த மரம் என்றால் இதுதான்.

ஊதலின் குழலுக்கு நடுத்துளையை 5/8 அங்குலத்தில் போட்டு முடித்திருக்கிறார். உள்ளே செருகும் பாகம் நேர்ரேகை ஓடிய வேறொரு துண்டிலிருந்து தனியாகத் தயாராக இருக்கிறது. வெளிவடிவம், உப்புத்தாள், பூச்சு, சுதி. இவ்வளவுதான் எனக்கு வைத்திருக்கும் பாக்கி.

பழுதுகளை எழுதி வைத்துக்கொள்கிறேன். பித்தளை வளையம் வரவேண்டிய முனையிலிருந்து பாதி நீளத்துக்கு ஒரு நூல் வெடிப்பு. அதன் பக்கத்தில் கம்பியைப் பிடிக்க அடித்த ஆணியின் துளை, சுற்றிலும் கறுத்த வட்டம். வாய் வைக்கும் பக்கம் குண்டூசித் தலை அளவில் நான்கைந்து கணு.

எல்லாவற்றையும் அவர் பார்த்துத்தான் இருப்பார். மூலையில் ஒரு கீறல்கூட இல்லாத ஹெட்ஜ் துண்டுகள் அடுக்கிக் கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இதை எடுத்து லேத்தில் மாட்டியிருக்கிறார் என்றால் அதில் ஒரு தீர்மானம் இருக்கிறது. அது எனக்குப் புரியும்வரை உளியைத் தொடப்போவதில்லை.

நவம்பர் 7, வியாழன்

பேரனிடமிருந்து படம் வந்திருக்கிறது. யாரோ செய்த வாத்து ஊதல். வெடிப்பு முழுக்க நீலக்கல் பொடி, மேலே சூப்பர் க்ளூ பல பூச்சு, கண்ணாடி மாதிரி பளபளப்பு. "இப்படி முடித்தால் நன்றாக இருக்கும்."

பதில் போடவில்லை. என்ன எழுதினாலும் கோபம் தெரிந்துவிடும், பையனுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. ஆனால் இங்கே எழுதலாம். ஊரில் ஆசாரிகள் மக்கு அடைப்பார்கள். மரத்தூளும் பசையும் குழைத்து, விரிசல் இருந்ததே தெரியாமல். அது விற்பனைக்கான வேலை, வாங்குபவன் கேட்கிறான், செய்கிறார்கள். நீலப்பொடி செய்வது வேறு. பழுதை மறைக்கவும் இல்லை, இருந்தபடி விடவும் இல்லை. அதைப் பிடித்து அலங்காரம் செய்து முன்னால் நிறுத்துகிறது. வேலிக்கம்பத்தில் நீலம் எங்கிருந்து வந்தது? வெயிலில் காய்ந்து பிளந்த மரம் இது. அந்தப் பிளவின் நிறம் அதற்குள்ளேயே இருக்கிறது, பழுப்பும் கறுப்புமாக. பார்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

நவம்பர் 9, சனி

நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைப் பாதையில் நடந்தேன். ஒரு வளைவில் ஹெட்ஜ் காய்கள் உதிர்ந்து உருண்டு கிடந்தன, பச்சையாக, மேலெல்லாம் புடைப்பு புடைப்பாக. ஒன்றை மிதித்துப் பிளந்தேன். பால் வடிந்தது. விரலில் ஒட்டிக்கொண்டது, எத்தனை தேய்த்தும் போகவில்லை. எண்ணெய் தொட்டுத் துடைக்கத்தான் தோன்றியது, பலாப்பழம் அறுக்கும் நாளில் பாட்டி செய்வதுபோல.

வீட்டுக்கு வந்து தேடினால், இரண்டும் ஒரே குடும்பம். முசுக்கட்டை, அத்தி, ஆல், பலா, இந்த ஹெட்ஜ், எல்லாம் ஒரு வகையறா. தஞ்சாவூரில் வீணை கடைவது பலாவில்தானே. வெட்டிய புதிதில் மஞ்சள், காலம் போகப்போகச் செம்பழுப்பு. ஹெட்ஜும் அப்படியே. பலா வைரத்தைக் காய்ச்சித்தான் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். முதல் உலகப் போரில் இந்த நாட்டுச் சிப்பாய்களின் காக்கிக்கு ஹெட்ஜ் சாயம் போயிருக்கிறது.

இத்தனை வருஷமாக இந்த மஞ்சள் எனக்கு ஏன் பிடித்திருந்தது என்று இன்று தெரிந்தது. வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அப்ப மன்னார்குடிக்குப் போன் பண்ணி உங்க அம்மாகிட்ட சொல்லுங்க, சந்தோஷப்படுவாங்க" என்றாள். செய்தேன். அம்மா கேட்டது: "அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்?"

நவம்பர் 10, ஞாயிறு

வெடிப்பு துளைவரை போகிறதா?

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வெளித்தோலில் இருக்கும் வெடிப்பு மரத்தின் சொந்த விஷயம். துளையைத் தொடும் வெடிப்பு அப்படி இல்லை. காற்று கசியும், குரல் உடையும். அதோடு, செருகும் பாகத்தை அழுத்தும்போது குழலின் அந்த முனை வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. வெடிப்பும் அந்த முனையிலேயே தொடங்குகிறது. இரண்டு குளிர்காலத்தில் இரண்டாகப் பிளந்துவிடலாம். சதுப்பு நீரில் முழங்கால்வரை நின்றுகொண்டிருக்கும் பையன் கையில் அது பிளக்கக் கூடாது.

விடியட்டும் என்று இருக்க முடியவில்லை. பட்டறைக்குப் போய் ஒரு முனையை ரப்பர் தக்கையால் அடைத்து, மறுமுனையில் குழாயைப் பொருத்தி, வாளித் தண்ணீரில் அமுக்கி ஊதினேன். ஆணித்துளையில் ஒன்றும் இல்லை. வெடிப்பில், வளையம் வரும் இடத்துக்குச் சற்றுத் தள்ளி, ஒரே இடத்தில் குமிழி. சின்னக் குமிழி. நின்று நின்று வருகிறது.

ஆக, முழுக்க அப்படியே விட முடியாது. மனம் சோர்ந்துவிட்டது.

நவம்பர் 11

மூச்சு டியூபை எடுத்துவிட்டார்களாம். அவர் மகள் போன் செய்தாள்.

நவம்பர் 12, செவ்வாய்

சாதாரண அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்க மூன்று தளம் ஏறினேன்.

குழலைப் பையில் கொண்டுபோயிருந்தேன். நர்ஸ் பார்க்காதபோது அவர் கையில் வைத்தேன். கண்ணாடி இல்லை, பார்க்கவில்லை. கட்டைவிரலால் வெடிப்பை மேலிருந்து கீழாகத் தடவினார், நின்றார், திரும்ப அதே இடத்துக்கு வந்தார். குமிழி வந்த இடம்! "இங்கே கசியுமே" என்றார், குரல் கரகரவென்று. ஆமாம் என்றேன். "உள்ளேயிருந்து அடை."

உள்ளேயிருந்து. மூன்று நாளாக வெளியிலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஏன் இந்தக் கட்டை என்று கேட்க நினைத்தேன். தூங்கிவிட்டார்.

நவம்பர் 14, வியாழன்

நீர்த்த சூப்பர் க்ளூவை மெல்லிய குழாய் முனையால் துளைக்குள் விட்டு, அந்த இடத்தில் மட்டும் ஊறவிட்டேன். கடைசலில் உதிர்ந்த ஹெட்ஜ் தூளைக் கொஞ்சம் தூவி, இன்னொரு சொட்டு. காய்ந்ததும் துளையைத் திரும்பத் துலக்கினேன். வாளியில் அமுக்கி ஊதினால் குமிழி இல்லை. வெளியே வெடிப்பு இருந்தது இருந்தபடி, நகம் வைத்தால் தட்டுகிறது.

பித்தளை வளையம் இறுக்கமாக ஏறியது. அழகுக்காக என்று நினைப்பார்கள். முனை விரியாமல் கட்டிப்பிடித்து நிற்பது அதுதான். வெடிப்பின் வேர் அதனடியில் போய்விட்டது. இனி ஓடாது.

கணுக்கள் உதட்டில் படும் இடத்தில் இருப்பதால் அங்கே மட்டும் 600ஆம் எண் உப்புத்தாள்வரை போனேன். உதட்டைக் கிழிக்கும் எதையும் விடக் கூடாது, காற்றைக் கசியவிடும் எதையும் விடக் கூடாது. அதற்கப்பால் கை வைக்க எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

நவம்பர் 16, சனி

பூச்சு. தடித்த பளபளப்புப் பூச்சு போட்டால் வெடிப்பு நிரம்பி மட்டமாகிவிடும். கண்ணுக்குத் தெரியும், விரலுக்குத் தெரியாது. எனக்கு விரலுக்குத் தெரிய வேண்டும். விடியும் முன் இருட்டில், தண்ணீருக்குள் நிற்கும்போது கண்ணுக்கு என்ன தெரியும்?

டங் மரக்கொட்டை எண்ணெய் எடுத்தேன். துணியில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்து, ஒரு நாள் விட்டு அடுத்தது. மஞ்சளுக்குள் பொன் இழை எழுந்து வந்தது. ஆணித்துளையின் கறுப்பு வட்டம் இன்னும் கறுத்தது.

எல்லா மரத்துக்கும் இது பொருந்தாது. அவர் அலமாரியில் பூஞ்சை பிடித்து, கறுப்புக் கோடு கோடாக ஓடிய பெக்கான் மர ஊதல் ஒன்று இருக்கிறது. பாதி மக்கிய மரம் அது. வெற்றிடத்தில் வைத்துப் பிசின் ஏற்றாமல் கடைந்தால் பொடிந்துவிடும். அங்கே பிசின் இல்லாவிட்டால் அந்தக் கோடுகளே மிஞ்சாது. ஹெட்ஜுக்கு அந்தத் துணை தேவையில்லை. ஈரத்துக்கு அசையாத மரம். எண்ணெய் போதும் என்று தைரியமாகச் சொல்வேன்.

அந்த அலமாரியில் அவர் அப்பாவின் ஊதலும் இருக்கிறது. பூச்செல்லாம் உதிர்ந்து கைபட்டே மெருகேறியது. 1935இல் உயிருள்ள வாத்துகளைக் கட்டிவைத்துக் காட்டு வாத்துகளை ஈர்ப்பதை அரசு தடை செய்தது. அதன்பின் வாத்தை வரவழைக்க வேட்டைக்காரனிடம் மிஞ்சியவை பொம்மை வாத்தும் ஊதலும்தான். அடுத்த வருஷமே ஸ்டட்கார்ட் மெயின் தெருவில் ஊதல் போட்டி தொடங்கிவிட்டது. முதல் பரிசு 6 டாலர் 60 சென்ட் பெறும் ஒரு வேட்டைக் கோட்டு.

நவம்பர் 17

மறுபடி காய்ச்சல். நாய் சாப்பிடவில்லை. நானும்.

நவம்பர் 19, செவ்வாய்

காய்ச்சல் இறங்கியிருக்கிறது. அதனால்தான் இன்று ரீடில், ஊதும்போது அதிர்ந்து குரல் தரும் ஏட்டில், கை வைக்கத் துணிந்தேன்.

0.010 அங்குல மைலார் பிளாஸ்டிக் ஏடு. கார்க் ஆப்பு வைத்து இறுக்கி ஊதினால் குரல் மிகவும் கனமாக வந்தது. முனையை மயிரிழை அளவு நறுக்கினால் சுதி ஏறும். கூடுதலாக நறுக்கினால் திரும்பி வர வழியில்லை. நறுக்கி ஊதி, நறுக்கி ஊதி, மூலைகளை லேசாகச் சாய்த்ததும் பிடித்துக்கொண்டது. தாழ்ந்த, கொஞ்சம் கரகரத்த பெட்டைக் குரல். நாய் காதைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றது.

அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் பட்டியைத் திறந்துவிடும் காலை நேரம் நினைவுக்கு வந்தது. சிந்திய நெல்லுக்கும் நத்தைக்கும் நூற்றுக்கணக்கில் இறங்கும். இங்கேயும் அறுத்த தாளுக்குள் தண்ணீர் கட்டி வைக்கிறார்கள், வடக்கே கனடாவிலிருந்து வரும் மல்லார்டு வாத்து இறங்கட்டும் என்று. இந்த நாட்டு நெல்லில் ஏறக்குறைய பாதி விளைவது ஆர்கன்சாவில். நெல் இருக்கும் இடத்தில் வாத்து இருக்கும். அதனால்தானோ என்னவோ இந்த ஊர் எனக்கு ஒருநாளும் அந்நியமாக இருந்ததில்லை.

நவம்பர் 21, வியாழன்

பேரன் வந்தான். கையில் வாங்கியதும் முதலில் வெடிப்பில்தான் நகம் போனது. "இது இன்னும் முடியவில்லையா?"

முடிந்துவிட்டது என்றேன். ஆணித்துளையைக் காட்டி, உன் கொள்ளுத்தாத்தா அடித்த ஆணி என்றேன். உள்ளே அடைத்த இடத்தை டார்ச் அடித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டான். நீலம் பற்றி அவன் பேச்செடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஊதினான். என்னைவிட நூறு மடங்கு நன்றாக. ஊதிவிட்டுக் கட்டைவிரலை வெடிப்பின் மேல் வைத்துக்கொண்டே காருக்குப் போனான். பிடித்ததா இல்லையா என்று அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை.

நவம்பர் 23, சனி

சீசன் திறந்தாயிற்று. காலையிலிருந்து செய்தி இல்லை. அங்கே சிக்னல் கிடைக்காது என்கிறாள் மகள்.

நவம்பர் 24, ஞாயிறு

எழுந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்! அரைக் கிண்ணம் சூப் குடித்திருக்கிறார். பேரன் ஊதலை நேற்று மாலையே நேராக இங்கே கொண்டுவந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறான். எண்ணெய் இன்னும் ஒரு கை தேய்க்கலாம் என்றார். வெடிப்பு பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதே கம்பத்தின் அடித்துண்டு கொட்டகையில் கிடக்கிறதாம். மகளுக்கு ஒன்று செய் என்கிறார். போய்ப் பார்த்தேன். இதில் ஆணி உள்ளேயே புதைந்திருக்கிறது. காந்தம் வைத்தால் இரண்டு இடத்தில் இழுக்கிறது. ரம்பம் அதில் படாமல் எந்தப் பக்கம் பிளப்பது என்று நாளை அவரிடம் கேட்க வேண்டும்.