ஒசாகாவில் ஒரு நாள், பையில் ஒரு குச்சி

ஹோட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு உள்ளங்கை அளவில் ஒரு வெள்ளை டப்பா வைத்திருந்தார்கள். மூடியைத் திறந்தால் சோயா பயறு. கூடவே ஒரு பொட்டலம் கடுகுச் சாந்து, ஒரு பொட்டலம் சாஸ். புளிக்கவைத்த இந்தச் சோயாதான் நத்தோ என்று தெரிந்ததும் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து நானும் சாப்ஸ்டிக்கால் கலக்க ஆரம்பித்தேன். கலக்கக் கலக்க நூல் நூலாக இழுத்தது. வாயில் வைத்தால் வெண்டைக்காயின் வழுவழுப்பு. வாசனையோ, மூன்று நாள் அடுப்படியில் மறந்து வைத்த உளுந்து மாவு. நாலு வாய் சாப்பிட்டேன். ஐந்தாவது வாய்க்கு மனசு வரவில்லை.

வாசலில் காத்திருந்த நண்பனிடம் சொன்னேன். தூத்துக்குடியில் என்னோடு பள்ளியில் படித்தவன், ஒசாகாவில் நாலு வருஷமாக வேலை.

"ஒசாகாக்காரனே அதைத் தொட யோசிப்பான். ஒனக்கு எதுக்குலே இந்த வேலை?" என்றான். உண்மைதான். நத்தோ டோக்கியோ பக்கம் ஓடுகிற அளவுக்கு இந்தப் பக்கம் ஓடாதாம்.

டோக்கியோவில் அலுவலக வேலையை முடித்துக்கொண்டு முந்தின நாள் ராத்திரிதான் புல்லட் ரயிலில் வந்திருந்தேன். இரண்டரை மணி நேரப் பயணம். அங்கே எஸ்கலேட்டரில் இடது பக்கம் ஒதுங்கி நிற்கப் பழகியிருந்தவன், இங்கே ரயில் நிலையத்தில் இடது பக்கமே நிற்க, பின்னால் ஒருவர் கனைத்தார். ஒசாகாவில் வலது பக்கம்தான் நிற்க வேண்டும். ரயில் அட்டையின் பெயர்கூட இகோகா. இந்த ஊர்ப் பேச்சுவழக்கில் அதற்கு 'போவோமா?' என்று அர்த்தம். ரயில்வேகாரர்கள் சிலேடையில் பெயர் வைக்கிற ஊர் எனக்கு உடனே பிடித்துப்போனது.

முதலில் கோட்டை. டொயோடோமி ஹிதேயோஷி என்ற போர்த்தலைவர் 1583-ல் கட்டத் தொடங்கியது. எரிந்து, மறுபடி கட்டி, இடி விழுந்து மறுபடி எரிந்து, இப்போது நிற்கும் கோபுரம் 1931-ல் ஊர்மக்கள் பணம் போட்டுக் கான்கிரீட்டில் எழுப்பியது. உள்ளே லிப்ட் இருக்கிறது. மேலே ஏறி ஊரைப் பார்த்தோம், இறங்கினோம், அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது கீழே வாசல் பக்கம் மதிலில் பதித்திருக்கும் ஒரே ஒரு கல். எடை சுமார் 108 டன் இருக்கும் என்கிறார்கள். ஒரு மூலையில் ஆக்டோபஸ் போல ஒரு கறை படிந்திருப்பதால் அதற்குப் பெயரே ஆக்டோபஸ் கல். அன்றைக்கு நாள் பூராவும் ஆக்டோபஸ்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

நண்பன் அடுத்துக் கூட்டிப்போனது குரோமோன் சந்தைக்கு. மேலே கூரை போட்ட நீளத் தெரு, சுமார் 600 மீட்டர், இரண்டு பக்கமும் கடைகள். முன்பெல்லாம் ஹோட்டல் சமையல்காரர்கள் மீன் வாங்க வருகிற இடம். இன்றைக்குப் பாதிக் கூட்டம் என்னைப் போல வாய் பார்க்க வந்தது. விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது என்று நண்பன் வழிநெடுகப் புலம்பினான். ஐஸில் படுத்திருந்த இறால்களைப் பார்த்ததும் என் கால் தானாக நின்றுவிட்டது. கடற்கரை ஊரில் பிறந்தவனுக்கு மீன் சந்தைதான் சுற்றுலா.

ஒரு கடையில் உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ஆக்டோபஸ்களைச் சிவப்பு நிறத்தில் பளபளவென்று குச்சியில் குத்தி வரிசையாக வைத்திருந்தார்கள். எங்கள் பக்கம் மீனவர்கள் இதைப் பேய்க்கணவாய் என்பார்கள். தலை மட்டும் உருண்டு திரண்டு இருந்தது. ஒன்று வாங்கினேன்.

"தலையிலேர்ந்து கடி" என்றான் நண்பன்.

கடித்தேன். உள்ளே முட்டை! காடை முட்டையை அவித்துத் தலைக்குள் வைத்து அடைத்திருக்கிறார்கள். மேலே இனிப்பும் உப்புமாகச் சோயாப் பாகு. கடித்தால் முதலில் ரப்பர், அப்புறம் மஞ்சள் கருவின் மாவுத்தன்மை. சுவை மோசமில்லை. ஆனால் முட்டை போனதும் தலை காலியாகி, எட்டுக் கால்கள் மட்டும் குச்சியில் தொங்கி என்னைப் பார்த்தன. கண்ணை மூடிக்கொண்டு அதையும் தின்றேன்.

இங்கேதான் தப்பு செய்தேன். சந்தையில் எந்தக் கடையில் வாங்குகிறோமோ அந்தக் கடை முன்னாலேயே நின்று தின்றுவிட்டு, குச்சியை அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். நான் நம் ஊர் வழக்கப்படி மென்றுகொண்டே நடந்துவிட்டேன். தின்று முடித்துப் பார்த்தால் எங்கேயும் குப்பைத் தொட்டி இல்லை. 1995-ல் டோக்கியோ சுரங்க ரயிலில் விஷவாயுத் தாக்குதல் நடந்த பிறகு ஜப்பானில் பொது இடங்களில் தொட்டிகளைப் பெரும்பாலும் எடுத்துவிட்டார்கள். குப்பையை அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோவதுதான் வழக்கம். பாகு ஒட்டிய குச்சியை டிஷ்யூவில் சுற்றித் தோள்பையில் போட்டுக்கொண்டேன்.

இரண்டு கடை தள்ளி ஒரு கண்ணாடித் தொட்டியில் ஃபுகு மீன்கள் நீந்திக்கொண்டிருந்தன. பார்த்த உடனே அடையாளம் தெரிந்துவிட்டது: நம்ம பேத்தை! எங்கள் ஊரில் வலையில் ஏறினால் திட்டிக்கொண்டே கடலில் திரும்ப எறிகிற மீன். இங்கே அதற்குத் தொட்டி, விளக்கு, மரியாதை. ஈரலிலும் சினையிலும் விஷம் இருக்கிறது, அதற்கு மாற்று மருந்து கிடையாது; தகுதி பெற்றவர்கள்தான் அறுக்கலாம். கோட்டை கட்டிய ஹிதேயோஷியே, கொரியா மீது படையெடுக்கத் திரண்ட வீரர்கள் இதைத் தின்று செத்ததைப் பார்த்துத் தடை போட்டாராம். அவர் ஊர்க்காரர்களோ இன்றைக்கு இதைக் கொதிக்கும் சட்டியில் போட்டுத் தின்று, அந்தப் பண்டத்துக்கு 'துப்பாக்கி' என்ற சொல்லை வைத்துத் 'தெச்சிரி' என்று பெயரிட்டிருக்கிறார்கள். பட்டால் ஆள் காலி என்பதுதான் சிலேடை. ஒரு தட்டு விலையைப் பார்த்துவிட்டு எனக்குச் சாவு பயம் வந்ததாகச் சொல்லிக்கொண்டு நகர்ந்தேன்.

பதிலுக்கு நண்பன் வாங்கிக்கொடுத்தது ஷிராகோ. வெள்ளை வெளேரென்று மடிப்பு மடிப்பாக, லேசாகச் சுட்டு, மேலே புளிப்பான சாஸ் ஊற்றி. 'என்னன்னு கேக்காம சாப்பிடு' என்றான். மேலே மெல்லிய தோல், உள்ளே வெண்ணெய் மாதிரி குழைந்தது. ஆட்டு மூளை வறுவல் தின்றிருப்பவர்களுக்கு இந்தப் பதம் புரியும், அதைவிட ஒரு படி மேல். நாக்கில் கடல் வாசனை லேசாக நின்றது. அன்றைக்குத் தின்றதில் மிகவும் ருசியானது இதுதான் என்று தீர்ப்பு சொன்ன பிறகு, அது ஆண் காட் மீனின் விந்துப்பை என்றான். ஷிராகோ என்றால் வெள்ளைக் குழந்தைகளாம். சரி, மீன் சினையை வறுத்துத் தின்று வளர்ந்தவன் இதற்கு மட்டும் முகம் சுளித்தால் நியாயம் இல்லை. குளிர்காலத்தில் மட்டும்தான் கிடைக்கும். நான் ஜனவரியில் போனது அதிர்ஷ்டம்.

அங்கிருந்து தோதோன்போரி நடக்கும் தூரம். வழியில் ஒரு சந்துக்குள் ஹோசென்ஜி என்ற சின்னக் கோயில். உள்ளே ஃபுதோ தெய்வம், சமஸ்கிருதத்தில் அசலநாதர். உருவம் தெரியாத அளவுக்குப் பச்சைப் பாசி மூடியிருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் கரண்டியில் தண்ணீர் மொண்டு அவர் மேல் ஊற்றுகிறார்கள், அதனால் பாசி. ஒரு வயதான அம்மாள் ஊற்றிவிட்டு எனக்குக் கரண்டியை நீட்டினார். நானும் ஊற்றினேன்.

தோதோன்போரி 1615-ல் வெட்டி முடித்த கால்வாய். கரை முழுக்க இப்போது விளம்பரப் பலகைகள், ராட்சத நண்டு, ராட்சத ஆக்டோபஸ். கிளிகோ என்ற மிட்டாய்க் கம்பெனியின் விளம்பரப் பலகையில் கையைத் தூக்கி ஓடும் ஆள் 1935-லிருந்து அங்கே நிற்கிறார். இப்போது இருப்பது ஆறாவது தலைமுறை, எல்ஈடி. பாலத்தில் நிற்கும் அத்தனை பேரும் அவரைப் போலவே கையைத் தூக்கி ஒற்றைக் காலில் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

தகோயாகி என்ற ஆக்டோபஸ் உருண்டையைச் சுடும் கல் பணியாரக் கல் மாதிரியே இருக்கும் என்று போய்வந்த எல்லாத் தமிழர்களும் சொல்வார்கள். கல் அப்படித்தான். சுடுகிற விதம் வேறு என்பதை இருபது நிமிஷம் வரிசையில் நின்றபோதுதான் பார்த்தேன். நாம் குழிக்குள் முக்கால் அளவு மாவு ஊற்றி, வெந்ததும் ஒரே ஒரு தடவை திருப்பிப் போடுவோம். இங்கே அந்தப் பையன் நீர்த்த மாவைக் குழிகளுக்கு மேலே கல் முழுக்க வெள்ளமாக ஊற்றினான். குழிக்கு ஒரு துண்டு ஆக்டோபஸ், மேலே வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய், பொரிந்த மாவுத் துகள். கொஞ்சம் வெந்ததும் கம்பியால் குறுக்கும் நெடுக்கும் கோடு கிழித்து, குழிக்கு வெளியே வழிந்த மாவையெல்லாம் உள்ளே சுருட்டித் திணித்தான். அப்புறம் கால் சுற்று, கொஞ்சம் பொறுத்து இன்னொரு கால் சுற்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பந்து பந்தாக உருண்டன. என் ஆச்சி இதைப் பார்த்திருந்தால் "மாவ வீணாக்குதான்" என்று முதலில் திட்டியிருப்பாள், முடிவில் கல்லை விலைக்குக் கேட்டிருப்பாள்.

எட்டு உருண்டை சுமார் 700 யென், நம் காசில் நானூறு ரூபாய் கிட்ட. மேலே சாஸ், மயோனைஸ், அதன் மேல் காகிதம் போலச் சீவிய மீன். சூட்டில் அந்தச் சீவல்கள் உயிர் வந்தது போல ஆடின. ஒன்றை அப்படியே வாயில் போட்டேன். வெளியேதான் கெட்டி, உள்ளே கொதிக்கும் கூழ். மேலண்ணம் வெந்துவிட்டது. வாயைத் திறந்துகொண்டு 'ஹா ஹா' என்று ஆவி விட்ட என்னைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்தார்கள், நண்பன் வீடியோவே எடுத்தான்.

வாய் ஆறிய பிறகு அந்தச் சீவலைத் தனியாக எடுத்துத் தின்று பார்த்தேன். தெரிந்த வாசனை. எங்கேயோ தின்றிருக்கிறேன். இரண்டாவது சீவலில் பிடிபட்டுவிட்டது: மாசி! தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் சரக்கோடு போகும் தோணிக்காரர்கள் திரும்பி வரும்போது வீட்டுக்குக் கொண்டுவருவார்களே, கட்டை மாதிரி இறுகிய அந்த மாசிக் கருவாடு. அதுவும் சூரை மீனை அவித்து, புகையில் வாட்டி, காயவைத்துச் செய்வதுதான். ஜப்பான்காரர்கள் இன்னும் ஒரு படி போய்ச் சில வகைகளில் பூஞ்சையும் பிடிக்கவைத்து, இழைப்புளியால் சீவுகிறார்கள். பெயர் கட்சுவோபுஷி. நாம் உரலில் போட்டு இடித்துச் சம்பல் செய்கிறோம். நண்பனிடம் சொன்னால், "நாலு வருஷமா தின்னுட்டு இருக்கேன், எனக்கு இது தோணலியேலே" என்று இன்னும் இரண்டு எடுத்து முகர்ந்து பார்த்தான்.

தகோயாகிக் கடை முன்னால் ஒரு தொட்டி இருந்தது. தட்டைப் போட்ட கையோடு பையில் இருந்த ஆக்டோபஸ் குச்சியையும் எடுத்தேன். நண்பன் கையைப் பிடித்துவிட்டான். "அது இந்தக் கடைக் குப்பைக்கு. வேற கடைக் குச்சிய இதுல போடக் கூடாது." குச்சி திரும்பவும் பைக்குள் போனது.

சாயங்காலம் ஷின்செகாய். பெயருக்குப் புது உலகம் என்று அர்த்தம். 1912-ல் பாரிஸையும் நியூயார்க்கையும் பார்த்துக் கட்டிய பேட்டை. இன்றைக்கு ஒசாகாவிலேயே பழைய வாடை அதிகம் அடிக்கும் இடம் இதுதான். நடுவில் நிற்கும் சுதென்காகு கோபுரம் இரண்டாவது, 1956-ல் கட்டியது. முதல் கோபுரம் 1943-ல் தீ விபத்தில் சேதமாகிப் போனது. மேலே பிலிக்கன் என்று ஒரு குண்டுக் குழந்தைச் சாமி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது. உள்ளங்காலைத் தேய்த்தால் அதிர்ஷ்டமாம். தேய்த்துத் தேய்த்துக் கால் குழிந்துபோயிருந்தது.

கீழே ஒரு சின்னக் கடையில் குஷிகட்சு. கூலி வேலை செய்தவர்களுக்காக மலிவாக வந்த பண்டம்: கறி, இறால், தாமரைத் தண்டு, காடை முட்டை என எதையும் குச்சியில் குத்தி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பது. நடுவில் ஒரு பொதுச் சட்டியில் சாஸ். சுவரில் பெரிய எழுத்தில் ஒரே ஒரு விதி: ஒரு தடவைதான் முக்க வேண்டும். வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர் ஒருவருக்கு அதைப் புரியவைக்கக் கடைக்காரர் படாதபாடு பட்டார். எனக்கு நண்பன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்: "எச்சி." சாஸ் போதவில்லை என்றால் பக்கத்தில் வைத்திருக்கும் முட்டைக்கோஸ் இலையால் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் சட்டியை எடுத்துவிட்டுப் பாட்டில் வைத்துவிட்டார்களாம். நாங்கள் போனது சட்டி வைத்திருக்கும் கடை.

கடைசியாகக் குழம்பில் மிதந்த சாம்பல் நிற முக்கோணம் ஒன்று கேட்டு வாங்கினேன். கொன்யாகு. ஜெல்லி போல் துள்ளியது, கடித்தால் ருசியே இல்லை, குழம்பு ருசி மட்டும். எதில் செய்கிறார்கள் என்று போனில் தேடினால், சேனைக்கிழங்கின் பங்காளி! ஒரே பேரினம், ஒரே அரிப்பு. நாம் புளி போட்டு அரிப்பை அடக்குகிறோம், இவர்கள் சுண்ணாம்பு சேர்த்து இறுக்கி ஜெல்லியாக்குகிறார்கள். என்னைக் கேட்டால் சேனைக்கிழங்கு வறுவலுக்குத்தான் ஓட்டு போடுவேன். எழுந்தபோது கடைக்காரர் "ஓகினி!" என்றார், ஒசாகாவின் நன்றி.

ஹோட்டல் அறையில் இரண்டு குப்பைத் தொட்டிகள் இருந்தன. எரிகிற குப்பை எது, எரியாதது எது என்று படம் போட்டிருந்தது. குச்சி எரியும், சந்தேகமில்லை. பைக்குள் கையை விட்டால் டிஷ்யூ பாதியில் கரைந்து, பாகு எல்லாவற்றிலும் பரவியிருந்தது. குச்சியைப் போட்டாகிவிட்டது. பாஸ்போர்ட் உறையில் மட்டும் இன்றுவரை ஒரு பிசுபிசுப்பு.