மண்டூருக்கு ஒரு மரைக்கால்

மட்டக்களப்பு வாவியோரம் குருமண்வெளித் துறையில் பாதைக்குக் காத்து நின்ற அரை மணித்தியாலமும் அம்மா கையிலிருந்த பையைக் கீழே வைக்கவில்லை. உள்ளே ஒரு மரைக்கால் அளவு நெல். சிறுபோகத்தில் முதல் அடித்த சூட்டு நெல்; சூடு என்றால் அடிக்கக் குவித்த கதிர். "தாங்க, நான் பிடிக்கிறேன்" என்று கை நீட்டினேன். "ஒண்ணா புள்ள, இது நிலத்தில படப்படாது" என்றா. ஒண்ணா என்றால் கூடாது. எழுபத்தைந்து வயது, இரண்டு முழங்காலும் நோவு. ஆனாலும் ஆவணி வந்தால் மண்டூர் முருகனுக்கு இந்த நெல் போயாக வேண்டும்.

பாதை என்றதும் வெளியூர்க்காரர் ரோட்டைத்தான் நினைப்பார்கள். எங்களுக்கு அது வாவியைக் கடக்கிற தட்டையான மிதவை. மோட்டார் சைக்கிள், ஓட்டோ, தவிட்டு மூட்டை, பூமாலைப் பெட்டி எல்லாம் ஒன்றாக ஏறும். ஏறுகிற கரை சூரியன் எழுகிற எழுவான்கரை, இறங்குகிற கரை அவன் படுகிற படுவான்கரை. என் பூட்டனும் இந்தத் துறையால்தான் போனாராம், பாதையில் இல்லை, தோணியில். பூட்டி, மூன்று பெண்பிள்ளைகள், ஒரு உரல், விதைநெல். உரலை ஏற்றியதும் தோணி ஒரு பக்கம் சாய்ந்து பூட்டி சத்தம் போட்ட கதையை அம்மா துறையில் நிற்கிற ஒவ்வொரு தடவையும் சொல்லுவா. அன்றும் சொன்னா.

அம்மாவுக்கு ஆண்டுக்கணக்கு இரண்டே இரண்டு: 1957 வெள்ளம், 1978 சூறாவளி. பூட்டன் காடு வெட்டப் போனது வெள்ளத்துக்கு முப்பது வருஷம் முந்தி. ஏன் போனார் என்பதற்கும் அவவிடம் விடை இருக்கிறது. "அவருக்கு நாலு பொம்புளச் சகோதரம். வீடும் வளவும் வயலும் சீதனமாப் போயிற்று. கலியாணம் முடிச்சு பூட்டிட வீட்டுக்கு வந்தவருக்கு மூணும் பொட்டப்புள்ள. மறுகா என்ன செய்யிற?" வீடு பெண்ணுக்கு, ஆண் போய் இருப்பது மனைவி வீட்டில் என்பது எங்கள் பக்க வழக்கம். பெண்பிள்ளைகளைப் பெற்ற ஆணுக்குக் காடுதான் மிச்சம்.

தீர்த்தத்துக்கு இன்னும் ஆறு நாள் இருந்ததால் கோயிலில் நசுங்காமல் நிற்க இடம் கிடைத்தது. தில்லை மண்டூர் என்பார்கள், சின்னக் கதிர்காமம் என்பார்கள். வேல் தில்லை மரத்தில் தங்கிற்று, அதை முதலில் கண்டு கும்பிட்டவர்கள் வேடர் என்பது கோயில் ஐதீகம். கொக்கட்டிச்சோலையிலும் இதேதான், கொக்கட்டி மரத்தில் இரத்தம் வடியக் கண்டு தான்தோன்றீஸ்வரரை முதலில் உணர்ந்தவன் வேடன். காடு வெட்டிய பூட்டனை 'முதல் வந்தவர்' என்று நாங்கள் வீட்டில் பெருமையடிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைகள் ஞாபகம் வரும். கோயில்கள் எங்களைவிட நேர்மையாகத்தான் கணக்கு வைத்திருக்கின்றன.

பகல் பூசைக்குப் பூசகர் கப்புகனார் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யாரும் காண்பதில்லை. சத்தமாக மந்திரம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த அமைதி முதலில் சங்கடமாக இருக்கும், பிறகு நம்முடைய மூச்சே கேட்கத் தொடங்கும். மணி அடித்ததும் பின்னாலிருந்து ஒரு கிழவரின் "அரோகரா" எழும்பிற்று. என் முதுகு சிலிர்த்தது. அம்மா அழுதா. சிறுமியாக இருந்தபோது ஆலாத்தி எடுத்தவ அவ. தீர்த்தத்தன்று தட்டோடு நின்ற பிள்ளைகள் ஒவ்வொன்றாக மயங்கி விழுந்ததையும் கண் திறந்தபோது தான் தன் அம்மம்மாவின் மடியில் கிடந்ததையும் சொல்லுவா. அந்த அம்மம்மாதான் எங்கள் பூட்டி.

நெல்லின் கதையும் பூட்டியோடுதான் கிடக்கிறது. அக்கரைக்குப் போன இரண்டாம் மாரியில் காட்டுக்காய்ச்சல். நடு மகள் கண்ணே திறக்கவில்லை. பரணில் யானைக்குக் காவல் இருந்த பூட்டனை இறக்கிக் கூட்டி வந்து, பிள்ளையின் தலைமாட்டில் வைத்துப் பூட்டி நேர்ந்தாவாம்: முருகா, இவள் எழும்பினால் எங்கட காலத்துக்கும் முதல் சூட்டில் ஒரு மரைக்கால் உனக்கு. அந்த நடு மகள் என் அம்மம்மா. அவ எழும்பியிராவிட்டால் இதை எழுதுகிற நானும் இல்லை. இவ்வளவுக்கும் எங்கள் குடும்பக் கதைகளில் இந்த நேர்த்தியைப் பூட்டன் வைத்ததாகத்தான் மாமாமார் சொல்லுவார்கள். அம்மா ஒவ்வொரு முறையும் திருத்துவா.

நெல்லை வாங்கிக்கொண்ட பெரியவர், "எந்தக் குடி?" என்று கேட்டார். அம்மா பூட்டியின் குடியைச் சொன்னா. என் மகனுக்குப் பதினான்கு வயது, எதையும் சும்மா விடமாட்டான். "காடு வெட்டினது பூட்டன்தானே அம்மம்மா, அவர்ட குடியச் சொல்லல்லயே?"

"அவர்ட குடி அவர்ட அக்கா தங்கச்சியோட போயிற்று மனே. நாமெல்லாம் பூட்டிட குடி. நீயும்தான்."

உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பணிக்கனார் குடி என்று இந்தப் பக்கம் எத்தனையோ குடி. எல்லாம் தாய் வயிற்று வழி. திருவிழா உரிமையும் அந்த வழியில்தான் வரும். ஒரு காட்டையே வயலாக்கிய மனிசனுக்குக் கோயிலில் சொல்ல ஒரு இடம் இல்லையே என்று எனக்கும் கொஞ்சம் உறுத்தியது உண்மை.

பின்னேரம் ஓட்டோ பிடித்து வெல்லாவெளிப் பக்கம் போனோம். வயல் இப்போது அம்மாவின் தங்கச்சி மகள் வீட்டில். அவளுடைய மனிசன்தான் வேளாண்மை செய்கிறார். மெஷின் வெட்டிப் போன வயல் வட்டையில் ஒட்டுத்தாள் மட்டும் நின்றது. பூட்டன் காலத்தில் எருமை கட்டி மிதித்துச் சூடு அடித்த களவெட்டி இருந்த மேட்டில் ஒரு கல் பிள்ளையார். பூட்டன் வைத்த தென்னை அத்தனையையும் 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளி முறித்துப் போட்டது. பிள்ளையார் மட்டும் அசையவில்லை. களவெட்டிக்குள் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது, பொலி என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா மகனுக்குச் சொல்லிக் கொடுத்தா. முந்தாநாள் இரவும் யானை வந்ததாம், வேலிக்கட்டை இரண்டு சரிந்து கிடந்தது. பரணுக்குப் பதில் இப்போது யானை வெடி, ரோர்ச் லைற். மற்றதெல்லாம் பூட்டனின் இரவுதான்.

பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்தோம். அம்மா குனிந்து ஒரு பிடி மண் எடுத்து, பார்த்து, அங்கேயே போட்டா. கொண்டுபோக வேண்டாமா என்று கேட்டேன். "இது தங்கச்சிட சீதனம். நமக்கு ஒண்ணா."

கடைசிப் பாதைக்கு ஓடித்தான் ஏற வேண்டியிருந்தது. வாவி செம்மண் நிறத்தில் கிடந்தது. மகன் பலகையில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் யோசித்தான்.

"அம்மம்மா, கல்லடியில நம்மட வீடு தங்கச்சிக்கா?"

"ஓம்."

"அப்ப எனக்கு?"

அம்மா வெற்றுப் பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, விலகிக்கொண்டிருந்த கரையைக் கையால் காட்டினா.

"உனக்கென்ன மனே, காடு கிடக்கு."