கையால தெச்ச குவில்ட்டுக்கு அப்ரைசல் வாங்கின கதை

மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நீங்க வருஷக்கணக்கா உக்காந்து கையால தெச்ச குவில்ட் (மேல்துணி, நடுவுல பஞ்சு, அடித்துணின்னு மூணு அடுக்கா தெக்கற போர்வை) தீயில போனாலோ ஷிப்பிங்ல தொலஞ்சாலோ, அப்ரைசல் பேப்பர், அதாவது இது இவ்ளோ பெறும்னு வெவரம் தெரிஞ்சவங்க எழுதித் தர்ற மதிப்பீடு, கையில இல்லன்னா இன்சூரன்ஸ்காரங்க கணக்குல அது ஒரு பழைய போர்வை, அவ்ளோதான். எங்க கில்டுல (குவில்ட் தெக்கறவங்க சங்கம்) ஒருத்தங்களுக்கு நெஜமாவே இது நடந்துச்சு, குவில்ட் ஷோவுக்கு அனுப்பின பெட்டி போய்ச் சேரவே இல்ல, க்ளெய்ம் போட்டா துணி வாங்கின பில் காட்டுங்கன்னு கேட்டு அந்தத் துணிக்காசு மட்டும் குடுத்தாங்க. ராத்திரி ராத்திரி கண்ணு வலிக்க தெச்சதுக்கு ஒரு பைசா கெடையாது. கேட்டதுல இருந்து எனக்கு வயிறு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, என்னோடத அனுப்பறதுக்கு முன்னாடி கண்டிப்பா அப்ரைசல் வாங்கிடணும்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

நான் இருக்கறது அமெரிக்கால டென்னசில, நாஷ்வில் பக்கம். என்னோட குவில்ட் குயீன் சைஸ், முழுக்க கை அப்ளிக்கே, பூ, எல, கொடின்னு ஒவ்வொண்ணா வெட்டி வெள்ளத்துணி மேல வெச்சு ஓரத்த ஊசியாலயே உள்ள மடிச்சு மடிச்சு தெச்சது, 1840கள்ல பால்டிமோர் பொம்பளைங்க தெச்ச ஆல்பம் குவில்ட் பாணி. அதுல வர்ற சிவப்பு மட்டும் அம்மா மதுரைல இருந்து அனுப்பின சுங்குடி. இது போக இன்னொரு பழைய குவில்ட்டும் எங்கிட்ட இருந்துச்சு, பக்கத்து வீட்டு பாட்டியம்மா அவங்க அம்மா தெச்சதுன்னு சொல்லி எனக்குக் குடுத்தது. ரெண்டையும் சேத்தே பாத்துடலாம்னு நெனச்சேன்.

அப்ரைசர்னா யாரு வேணாலும் இல்லங்க. நகைக்கும் பழைய மேஜை நாற்காலிக்கும் வெல போடறவங்க குவில்ட்டுக்கும் போட்டுத் தருவாங்க, ஆனா அவங்களுக்கு எது கைத்தையல், எது மெஷின், எந்தத் துணி எந்தக் காலம்னு தெரியாது. குவில்ட்டுக்குன்னே பரீட்சை எழுதி சர்ட்டிஃபிகேட் வாங்கினவங்க இருக்காங்க. கென்டக்கில பதூக்கான்னு ஒரு சின்ன ஊர், ஒஹையோ ஆத்தங்கரைல, நாஷ்வில்ல இருந்து ஐ-24 ஹைவேல போனா ரெண்டு மணி நேரம் சொச்சம். அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டி 1984ல ஆரம்பிச்சது அங்கதான், நேஷனல் குவில்ட் மியூசியமும் 1991ல இருந்து அங்கதான் இருக்கு. வசந்த காலத்துல அங்க நடக்கற குவில்ட் வீக்ல சர்ட்டிஃபைடு அப்ரைசருங்க வந்து உக்காருவாங்க, முன்கூட்டியே நேரம் வாங்கிக்கலாம். சீக்கிரம் நெரம்பிடும், அதனால ஷோ அறிவிப்பு வந்த ஒடனே புக் பண்ணிடுங்க. ஃபீஸ் ஒரு குவில்ட்டுக்கு இவ்ளோன்னு ஃபிக்ஸ்டா இருக்கணும். வெலைல இத்தன பர்சன்ட்னு யாராவது கேட்டா எழுந்து வந்துடுங்க, அப்ரைசருங்க நடத்தை விதிப்படி அப்படி வாங்கவே கூடாது, ஏன்னா வெல ஏற ஏற அவங்களுக்கு லாபம்னு ஆயிடும். அதே மாதிரி வெல போட்டுட்டு நானே வாங்கிக்கறேன்னு சொல்றவங்ககிட்டயும் குவில்ட்ட நீட்டாதீங்க.

போறதுக்கு முன்னாடி நான் சேத்து வெச்சது: துணி, நூல், பேட்டிங் (நடுவுல வெக்கற பஞ்சு) வாங்கின பில்லு, தெக்கும்போது எடுத்த ஃபோட்டோ, எந்த மாசம் ஆரம்பிச்சு எப்ப முடிச்சேன்னு ஒரு பேப்பர், பேட்டர்ன் யாருதுன்னு ஒரு குறிப்பு, எங்க கவுன்ட்டி ஷோல வாங்கின பரிசு ரிப்பனோட ஃபோட்டோ. பின்பக்கம் கீழ் மூலைல லேபிள் தெச்சுட்டேன், பேரு, ஊரு, வருஷம் எல்லாம் இன்க்ல எழுதி. மேல கம்பு நுழைச்சு தொங்கவிடறதுக்கு நாலு இன்ச் ஸ்லீவும் தெச்சுட்டேன், ஷோவுக்கு எப்படியும் வேணும். குறி போட்ட நீலப் பேனா கோடு ஒண்ணு கூட இல்லாம தண்ணில அலசி, நிழல்ல விரிச்சு காயவெச்சு, தலகாணி உறைல சுத்தி எடுத்துட்டுப் போனேன். பிளாஸ்டிக் கவர்ல போட்டு நாள்கணக்கா வெக்காதீங்க.

எனக்குப் பாத்த அப்ரைசர் அம்மா மேஜை மேல வெள்ளத்துணி விரிச்சு வெச்சிருந்தாங்க. கை கழுவிட்டு வந்து குவில்ட்ட பிரிச்சதும் மொதல்ல திருப்பிப் போட்டுட்டாங்க. முன்பக்கத்த பாக்கவே இல்ல! பின்பக்கத் தையலதான் பாத்தாங்க, சின்ன ஸ்கேல வெச்சு ஒரு இன்ச்சுக்கு எத்தன தையல்னு பல எடத்துல எண்ணினாங்க, நடுவுல, ஓரத்துல, தையல் நெறைய கூடற எடத்துல. முன்பக்கம் வந்த தையலும் பின்பக்கம் வந்த தையலும் ஒரே நீளமான்னு பாத்தாங்க. அப்பறம் பைண்டிங்க (ஓரத்துல சுத்தித் தெச்ச துணிப்பட்டி) ரெண்டு விரல்ல பிடிச்சு ஓரம் முழுக்க நகத்திக்கிட்டே போனாங்க, உள்ள பேட்டிங் நெரம்பி இருக்கா இல்ல காலியா இருக்கான்னு விரல்லயே தெரிஞ்சுடுமாம், மூலை ஒவ்வொண்ணும் தொண்ணூறு டிகிரில நிக்குதான்னு பாத்தாங்க. மேல, நடுவுல, கீழன்னு மூணு எடத்துல அகலத்த அளந்தாங்க, ஓரம் அலையலையா இருந்தா அதுலயே தெரிஞ்சுடும். அப்ளிக்கே பூவோட கூர்முனைல பூதக்கண்ணாடி வெச்சு நூல் தெரியுதான்னு பாத்துட்டு சிரிச்சாங்க, அந்தச் சிரிப்புக்கே நான் திருப்தியா வீட்டுக்குப் போயிருப்பேன்.

சுங்குடிகிட்ட வந்ததும் நின்னுட்டாங்க. இது என்ன துணி, சாயம் போகுமா, தெக்கறதுக்கு முன்னாடி அலசினீங்களான்னு கேட்டாங்க. புள்ளி ஒவ்வொண்ணும் நூலால முடிச்சு போட்டு சாயத்துல முக்கறதுன்னு சொன்னேன், நான் நாலஞ்சு தடவ அலசி தண்ணி தெளிஞ்ச அப்பறந்தான் தெச்சேன்னும் சொன்னேன். வெள்ளத்துணி பக்கத்துல செவப்புன்னா சாயம் எறங்கறதுதான் பெரிய பயம், எறங்கிடுச்சுன்னா வெலயும் சேந்து எறங்கிடும். ரிப்போர்ட்ல மதுரை சுங்குடி, முடிச்சுச் சாயம்னு அப்படியே எழுதிக்கிட்டாங்க, எனக்கு அவ்ளோ சந்தோஷம்.

அப்பறம் முக்கியமான கேள்வி: எதுக்காக இந்த அப்ரைசல்? இத நீங்க தெளிவா சொல்லணும், ஏன்னா ஒரே குவில்ட்டுக்கு ரெண்டு மூணு வெல உண்டு. இன்சூரன்ஸுக்குன்னா ரீப்ளேஸ்மென்ட் வேல்யூ, அதாவது இது போயிடுச்சுன்னா இதே தரத்துல கை தேர்ந்த ஒருத்தர வெச்சு இன்னொண்ணு தெக்க என்ன ஆகும்ங்கற வெல. விக்கறதுக்கோ தானம் குடுக்கறதுக்கோன்னா ஃபேர் மார்க்கெட் வேல்யூ, விருப்பப்பட்டு விக்கறவருக்கும் வாங்கறவருக்கும் நடுவுல படியற வெல, அது பெரும்பாலும் ரொம்பக் கம்மி. இன்னொண்ணு, மியூசியத்துக்கோ சாரிட்டிக்கோ குடுத்து டாக்ஸ்ல கழிக்கலாம்னு நெனைக்கறவங்களுக்கு: 5,000 டாலருக்கு மேல கழிக்கறதா இருந்தா தகுதியான அப்ரைசல் வேணும், வரிக் கணக்கோட ஃபார்ம் 8283ம் போடணும், ஆனா நீங்களே தெச்ச குவில்ட்டுன்னா மெட்டீரியல் செலவு மட்டும்தான் கழிக்க முடியும், உழைப்ப கணக்குல எடுக்க மாட்டாங்க. எனக்கு இது அநியாயமாத்தான் படுது, ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு.

என்னோடதுக்கு ரீப்ளேஸ்மென்ட் வேல்யூ 3,800 டாலர்னு வந்துச்சு. துணியும் நூலும் சேத்து எனக்கு 500 கூட ஆகல, மிச்சமெல்லாம் கை வேலைக்கு. அம்மா அனுப்பின துணிங்கற பாசத்துக்கு அதுல எடமில்ல, அத அந்தம்மா ரொம்பப் பக்குவமா மொதல்லயே சொல்லிட்டாங்க.

பழைய குவில்ட்ட பிரிச்சதும் அவங்க மொகமே மாறிடுச்சு. சின்னச் சின்ன அறுகோணத் துண்டா சேத்த பூந்தோட்டப் பேட்டர்ன், 1930கள்ல வீட்டுக்கு வீடு தெச்சது. நடுநடுவுல வர்ற வெளிறின பச்சையக் காட்டி இந்தப் பச்சைய பாத்தாலே அந்தக் காலம்தான்னாங்க. பின்பக்கத்துல ஒரு எடத்துல வெளிச்சத்துக்கு நேரா தூக்கிக் காட்டினாங்க, வரிசையா ஊசி ஓட்டை, நூலே இல்லாம. மாவோ கோழித்தீவனமோ வந்த பருத்தித்துணிச் சாக்கப் பிரிச்சு, அந்தத் துணியையே துவைச்சு தெச்சிருக்காங்க, சாக்குத் தையலோட ஓட்டைதான் அது. எவ்ளோ நாளா எங்கிட்ட இருக்கு, நான் அத கவனிச்சதே கெடையாது, உடம்பு சிலிர்த்துடுச்சு. வெல 650 டாலர்தான், ரெண்டு மூணு பூ நைஞ்சு போயிருக்கு, அத புதுத்துணி வெச்சு மாத்தாதீங்க, மெல்லிசா நெட் துணி போட்டு மூடி விடுங்கன்னு சொன்னாங்க.

ரிப்போர்ட்ல ஃபோட்டோ, அளவு, டெக்னிக், துணி, நெலமை, எந்த நோக்கத்துக்கான வெல, எந்தத் தேதிக்கான வெல, அவங்க கையெழுத்து எல்லாம் இருக்கும். வாங்கின ஒடனே ஸ்கேன் பண்ணி ஒரு காப்பிய வீட்டுக்கு வெளிய வெச்சுடுங்க, குவில்ட்டோட சேந்து பேப்பரும் எரிஞ்சுட்டா என்ன பிரயோஜனம்.

அடுத்து இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஹோம் இன்சூரன்ஸ்ல இருக்குமேன்னு விட்டுடாதீங்க, குவில்ட்டோட பேரும் வெலயும் தனியா எழுதி (ஷெட்யூல் பண்றதுன்னு சொல்வாங்க) ரைடரா, அதாவது பாலிசியோட கூடுதல் கவரா, சேக்கச் சொல்லுங்க. நான் கேட்டது: வீட்ட விட்டு வெளிய போனா கவர் ஆகுமா, ஷிப்பிங்ல இருக்கும்போது ஆகுமா, தண்ணி பட்டு சாயம் எறங்கினா குடுப்பீங்களா. பூச்சி அரிச்சதுக்கும் வெயில்ல வெளுத்ததுக்கும் தர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. குவில்ட் விக்கறீங்களான்னு அவங்களும் கேப்பாங்க, விக்கறீங்கன்னா அது பிசினஸ் சொத்துன்னு ஆயிடும், வேற பாலிசி வேணும், அதனால உள்ளத உள்ளபடி சொல்லிடுங்க. எனக்கு வருஷ ப்ரீமியம் ஹோட்டல்ல ஒரு வேளை குடும்பத்தோட சாப்பிடற காசு கூட ஆகல.

ஷோ ஃபார்ம்ல இன்சூரன்ஸ் வேல்யூன்னு ஒரு கட்டம் இருக்கும். அப்ரைசல் இல்லாம பெரிய தொகை எழுதினா ஏத்துக்க மாட்டாங்க, அவங்க வெச்சிருக்கற லிமிட்டுக்குள்ளதான் தருவாங்க, அது ஷோவுக்கு ஷோ மாறும், ரூல்ஸ்ல படிச்சுப் பாத்துக்கோங்க. நான் ரிப்போர்ட் காப்பிய சேத்தே அனுப்பினேன். பல ஷோங்க குவில்ட் அவங்க கைக்கு வந்து சேந்ததுல இருந்து திருப்பி அனுப்பற வரைக்கும்தான் பொறுப்பு எடுத்துப்பாங்க, வழியில நடக்கறது உங்க பாடு, அதுக்குத்தான் ரைடர். கூரியர்ல இவ்ளோ வேல்யூன்னு எழுதிக் காசு கட்டினாலும் கலைப்பொருளுக்கு தனி உச்சவரம்பு வெச்சிருப்பாங்க, கவுன்ட்டர்லயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. பெட்டி மேல குவில்ட்னு எழுதாதீங்க.

ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவ அப்ரைசல புதுப்பிக்கணும், பெரிய ஷோல ரிப்பன் வாங்கிட்டா ஒடனேயே. என்னோடது இப்ப ஷோவுக்குப் போயிருக்கு, ட்ராக்கிங் நம்பர ஏஜென்ட்டுக்கும் அனுப்பி வெச்சிருக்கேன்.