சிக் ரிப்போர்ட் போகாதவர்கள்

முன்னாள் ராணுவத்தினரின் டிஸபிலிட்டி பென்ஷன் அப்பீல்களை எழுதித் தருவது என் வேலை. வேலூர்ப் பக்கத்து ஆட்கள் அதிகம் வருவார்கள். கையில் மெடல், கமாண்டிங் ஆபீசரின் பாராட்டுக் கடிதம், குடும்பக் கஷ்டத்தை விவரிக்கும் நாலு பக்க மனு எல்லாம் இருக்கும். நான் கேட்பது ஒன்றைத்தான்: ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதிக்கும் டாக்டர்கள் குழு, கொடுத்த அறிக்கை எங்கே?

அதில்தான் தலையெழுத்து இருக்கிறது. ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அந்த நோய் பணியால் வந்ததாகவோ, பணியால் முற்றியதாகவோ போர்டு ஒப்புக்கொள்ள வேண்டும். ரத்தக் கொதிப்பு என்றால் பெரும்பாலும் ஒரே வரி: 'பீஸ் ஸ்டேஷனில் (போர்முனை அல்லாத இடத்தில்) தொடங்கியது, பணிக்குத் தொடர்பில்லை.' பீஸ் ஸ்டேஷனில் இருப்பவன் என்ன, வீட்டுத் திண்ணையிலா உட்கார்ந்திருக்கிறான்?

பீரங்கிப் படையான ஆர்ட்டிலரியில் இருந்த ஒருவர் காது கேளாமையோடு வந்தார். "சர்வீஸ் முழுக்க சிக் ரிப்போர்ட் போனதே இல்லை சார்" என்று, உடம்பு சரியில்லை என ராணுவ டாக்டரிடம் ஒருநாளும் போகாததைப் பெருமையாகச் சொன்னார். "லீவுல வரும்போதே டிவியை அலற விடுவார்" என்றார் அவர் மனைவி. காதுக் கோளாறு தெரிந்தால் ஷேப்-ஒன் என்கிற முழு உடல்தகுதித் தரம் போய்விடும். அது போனால் ப்ரமோஷனுக்குச் சிக்கல். மறைத்துவிட்டார். போர்டும் அதையே பிடித்துக்கொண்டது: சிகிச்சைப் பதிவு ஏதும் இல்லையாம்! ஆளை மறைக்கப் பழக்கியதும் ராணுவம், மறைத்ததற்கு ஆதாரம் கேட்பதும் ராணுவம்.

இங்கே கைகொடுப்பது 2013-ல் வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. அவர் 1985-ல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோய் காரணமாக 1994-ல் வெளியே அனுப்பப்பட்டார். சேரும்போது நடந்த மருத்துவப் பரிசோதனையில் குறை எதுவும் எழுதப்படவில்லை என்றால், பின்னால் வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்று சொல்கிற போர்டுதான் காரணம் காட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஆக, ஆர்ட்டிலரிக்காரரின் சர்வீஸ் பேப்பரில் எனக்கு வேண்டியது, சேரும்போது நடந்த பரிசோதனையைச் சொல்லும் முதல் பக்கம்தான். 2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புதிய விதிகள். அது தனிக் கதை.

முதல் அப்பீல், இரண்டாம் அப்பீல், பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு என்று படியேற வேண்டும். ஜெயித்தால் 20 சதவீத ஊனத்தை 50 ஆக உயர்த்திப் பென்ஷன் கணக்கிடுவார்கள்; முழு சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று 2014-ல் ராம் அவதார் வழக்கில் தீர்ந்துவிட்டது.

ரொம்ப நாள் கழித்து வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாக்கி என்பதால் தாமதம் வழக்கைக் கொல்லாது. ஆனால் உச்ச நீதிமன்றத்தின் தர்சேம் சிங் தீர்ப்புப்படி, நிலுவைத் தொகை பொதுவாக மனு போட்டதற்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். போர்டு அறிக்கை இல்லையென்றால் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு ஆர்.டி.ஐ. போடச் சொல்வேன். அந்த ஆர்ட்டிலரிக்காரருக்கும் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறோம்.