சண்டையே இல்லாத டீம்

நான் முதன்முதலாக லீடாக இருந்த டீமில் ஏழு பேர். ஒன்றரை வருடத்தில் ஒரு சண்டை கிடையாது. அரை மணி நேரம் என்று மீட்டிங் போட்டால் இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்று கடைசியில் கேட்பேன், இல்லை என்று எல்லோரும் தலையாட்டுவார்கள், கலைந்துவிடுவோம். பக்கத்து டீமில் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவார்கள், கண்ணாடிக் கதவு என்பதால் எங்களுக்குச் சத்தம் இல்லாமல் படம் மட்டும் தெரியும். அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் டீம் எவ்வளவு ஒற்றுமை என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அப்புறம் ஒரு வேலை வந்தது. கிளையன்டின் பழைய கணக்கு மென்பொருளில் இருந்த தரவையெல்லாம் புதியதற்கு மாற்ற வேண்டும். மாற்றினோம். பழைய மென்பொருள் ரத்தான பில்களை அழிக்காமல் ஒரு குறி மட்டும் போட்டு வைத்திருந்தது, நாங்கள் அந்தக் குறியைக் கண்டுகொள்ளாமல் செத்த பில்களையும் சேர்த்து ஏற்றிவிட்டோம் என்பது இரண்டாம் நாள்தான் தெரிந்தது. சரிசெய்வதில் இரண்டு சனி ஞாயிறு போனது. அதுகூடப் பரவாயில்லை, தப்பு எல்லோருக்கும் நடக்கும். எல்லாம் ஓய்ந்து பேசிக்கொண்டிருந்தபோது டீமில் இருந்த ஒரு பெண் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: "அந்தக் குறிய நான் மூணு வாரம் முன்னாடியே பார்த்தேன். நீங்க யோசிச்சுத்தான் விட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பழைய மீட்டிங் குறிப்புகளைப் புரட்டினால், அவர் சொல்லாமலும் இல்லை. "பில் எண்ணிக்கை கொஞ்சம் அதிகமா வருது" என்று ஒரு வரி இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே என் பதில்: அப்புறம் பார்க்கலாம். அந்த அப்புறம் வரவே இல்லை, அவரும் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் டீம் வேலை பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் என்னை உலுக்கியது ஒரு விமான விபத்து. 1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லண்ட். இறங்க வேண்டிய விமானத்தின் சக்கரங்களில் கோளாறு என்று சந்தேகம், அதனால் கேப்டன் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் வானத்திலேயே சுற்றிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. துணை விமானிக்கும் ஃப்ளைட் இன்ஜினியருக்கும் அது தெரியும், பேச்சோடு பேச்சாக அளவைச் சொல்லவும் சொன்னார்கள். ஆனால் 'உடனே இறக்குங்கள்' என்று அழுத்திச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று, விமானம் ஊர்ப்புறத்தில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். சக்கரங்கள் இறங்கித்தான் இருந்தன. மூன்று பேரும் அனுபவசாலிகள், மூன்று பேருக்குள் சண்டையும் இல்லை. விமானிகளுக்குப் பேசவும் கேட்கவும் தனியாகப் பயிற்சி தரும் வழக்கம் பிறகு உலகம் முழுக்கப் பரவியதற்கு இந்த விபத்து ஒரு முக்கியக் காரணம்.

என் பில் எண்ணிக்கையை இதோடு ஒப்பிடுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், தெரியும். ஆனால் அச்சு ஒன்றுதான். கீழே இருப்பவர் ஜாடையாகச் சொல்கிறார், மேலே இருப்பவர் ஜாடையைத் தகவலாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்.

ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனை டீம்களை எடுத்துப் பார்த்தார். நன்றாக இயங்கும் டீமில் மருந்து கொடுப்பதில் தப்பு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, நல்ல டீம்களில்தான் தப்பு அதிகம் என்று கணக்கு வந்தது. பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அவர்கள் அதிகத் தப்பு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். இதற்கு 'உளவியல் பாதுகாப்பு' என்று பெயர், தமிழில் கேட்டால் ஏதோ இன்சூரன்ஸ் திட்டம் மாதிரி இருக்கிறது. வாயைத் திறந்தால் வாங்கிக் கட்டிக்கொள்ள மாட்டோம் என்ற தைரியம், அவ்வளவுதான். என் டீமில் நான் யாரையும் திட்டியதே இல்லை, ஆனாலும் அந்தத் தைரியம் இல்லை. இது எனக்குப் புரியவே நாளாயிற்று. 'அப்புறம் பார்க்கலாம்' என்று சிரித்த முகத்தோடு நாலு தடவை சொன்னாலே போதும், ஐந்தாவது தடவை யாரும் எதுவும் கொண்டுவர மாட்டார்கள்.

பயமே இல்லாத இடத்திலும் இன்னொரு சிக்கல் இருக்கிறது. ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985-இல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். மூன்று வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், சில தகவல்கள் குழுவில் எல்லோர் கையிலும் இருக்கும், சில ஒரே ஒருவர் கையில் மட்டும் இருக்கும். எல்லாவற்றையும் கொட்டிச் சேர்த்தால்தான் யார் நல்ல ஆள் என்பது தெரியும். பெரும்பாலான குழுக்கள் எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசி, தப்பான ஆளைத் தேர்ந்தெடுத்தன. நம் மீட்டிங்குகளை நினைத்துப் பாருங்கள். ஒருவர் சொன்னதற்கு நாலு பேர் தலையாட்டினால் பேச்சு நன்றாகப் போகிறது என்று தோன்றும், தலையாட்டினார்கள் என்றாலே அது அவர்களுக்கு முன்பே தெரியும் என்றுதானே அர்த்தம்!

சரி, இவன் ஏன் சோம்பேறிகளைப் பற்றிப் பேசவில்லை என்று நினைக்கலாம், டீம் பிரச்சினை என்றாலே முதலில் வரும் புகார் அதுதான். ஊர் கூடித் தேர் இழுக்கலாம் என்கிறோம், ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் 1880களில் கயிற்றை இழுக்க வைத்து அளந்தே பார்த்தார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஆளுக்கு இழுத்தது தனியாக இழுப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஒரே நேரத்தில் இழுக்க முடியாமல் போவது ஒரு காரணம். ஆனால் 1974-இல் வேறு சிலர் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்து ஒருவரை மட்டும் இழுக்கவிட்டார்கள், அப்போதும் இழுப்பு குறைந்தது. கூட ஆள் இருக்கிறது என்ற நினைப்பே போதுமாம். யார் எவ்வளவு செய்தார் என்பது தனித்தனியாகத் தெரியும் என்றால் இந்த மெத்தனம் காணாமல் போகிறது என்பதையும் பிற்பாடு வந்த சோதனைகள் காட்டின. அதனால் சோம்பேறி என்று ஆளைக் குற்றம் சொல்வதை நான் நிறுத்திவிட்டேன், பெரும்பாலும். ஒரு வேலைக்கு ஒரு பெயர் என்று மட்டும் பார்க்கிறேன். இரண்டு பெயர் எழுதினால் அது யாருடைய வேலையும் இல்லை. "நாம பார்த்துக்கலாம்" என்ற வாக்கியம் என் காதில் விழுந்தால் உடனே, "நாம-ன்னா யாரு?"

நாள் நெருங்கும்போது ஆள் சேர்த்தால் ஆகிவிடும் என்பதும் இதே வகைக் கனவு. ஐந்து பேருக்குள் பேச வேண்டிய ஜோடிகள் 10, பத்துப் பேருக்குள் 45. வேலை பாதியாவதற்குள் பேச்சு நாலரை மடங்காகிவிடும்.

டீம் அவுட்டிங், பலூன் உடைக்கும் விளையாட்டு எல்லாம் செய்து பார்த்தோம். ஜாலியாக இருந்தது. திங்கட்கிழமை மீட்டிங்கில் அதே அமைதி.

மாற்றம் தெரிந்தது சின்னச் சின்ன விஷயங்களில்தான். முதலில், நான் கடைசியில் பேசுவது என்று வைத்துக்கொண்டேன். கேட்க எளிது, ஆனால் பதில் தெரிந்தும் பத்து நிமிடம் வாயை மூடி உட்கார்ந்திருப்பது எவ்வளவு அவஸ்தை என்று லீடாக இருந்தவர்களுக்குத் தெரியும். அடுத்து, "ஏதாவது சொல்லணுமா?" என்ற கேள்வியை விட்டுவிட்டேன், அதற்கு 'இல்லை' என்பதைத் தவிர வேறு பதில் வராது. கேரி க்ளைன் என்ற உளவியலாளர் சொன்ன ஒரு முறையை எடுத்துக்கொண்டேன். வேலை தொடங்கும் முன்பே, 'ஆறு மாதம் ஆகிவிட்டது, இது படுதோல்வி, ஏன்?' என்று ஒவ்வொருவரும் தனியாக எழுத வேண்டும். தோற்றாயிற்று என்று வைத்துக்கொண்டு எழுதுவதால் அபசகுனமாகப் பேசுகிறோமோ என்ற கூச்சம் விலகிவிடுகிறது.

முதல் தடவை எல்லாத் தாளிலும் 'நேரம் போதவில்லை', 'கிளையன்ட் மாற்றிக்கொண்டே இருந்தார்' வகைதான், பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி. இரண்டாம் தடவை கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாம் தடவை பெயர் இல்லாத தாள்களில் ஒன்றை நானே சத்தமாகப் படித்தேன்: "டெட்லைனை லீட் யாரையும் கேட்காமல் ஒப்புக்கொண்டுவிட்டார்." அறை கப்சிப். என் முகம் எப்படிப் போனதோ தெரியவில்லை. யார் எழுதியது என்று கேட்கவில்லை, அந்தக் கையெழுத்தை எனக்கு நன்றாகத் தெரியும். "சரி, எத்தனை நாள் வேணும்?" என்றேன். பில் விஷயத்தில் வாயை மூடிக்கொண்ட அதே பெண், நான் முடிக்கும் முன்பே, "இன்னும் மூணு வாரம்" என்றார்.