சரக்கு ரயிலின் நீளம்: என்னை ஒருமுறை தோற்கடித்த கேள்வி

போன வாரம் தேர்வு முடிவு வந்தது. இரண்டாவது முயற்சியில் தேறிவிட்டேன். முதல் முறை என்னைக் கவிழ்த்தது ரயில் இயக்கத் தாளின் ஒரே கேள்விதான்: சரக்கு ரயிலின் நீளத்தை எவை கட்டுப்படுத்துகின்றன? இரண்டு பக்கமும் எஞ்சின் திறனைப் பற்றியே எழுதித் தள்ளினேன். அந்த வருத்தம் ஓராண்டு உறுத்தியது.

எஞ்சினின் இழுவை போதாவிட்டால் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். சிக்கலே அதற்குப் பிறகுதான். எல்லா எஞ்சின்களும் முன்னால் நின்று மேட்டில் இழுத்தால், முதல் வேகனை எஞ்சினோடு இணைக்கும் கப்ளர்தான் மொத்தப் பாரத்தையும் தாங்க வேண்டும். அளவு மீறினால் அறுந்துவிடும். 2001 ஜூன் 21 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் 682 வேகன்களுடன் சுமார் 7.3 கிலோமீட்டர் நீள இரும்புத் தாது ரயில் ஓடியது. அதன் 8 எஞ்சின்களையும் இடையிடையே பிரித்து வைத்து, ஒரே ஓட்டுநர் இயக்கினார். இந்த எடுத்துக்காட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

ஆனால் விடையின் உயிர் பிரேக்கில் இருக்கிறது. எனக்குப் படம் போட்டால்தான் எதுவும் மனதில் நிற்கும். இம்முறை தேர்வறையில் கடைசித் தாளில் பென்சிலால் வரிசையாகக் கட்டங்கள் வரைந்து, கடைசிக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டேன். ஓட்டுநர் பிரேக் போட்டால் இந்த வேகனுக்கு எப்போது தெரியும்? ரயில் நெடுக ஓடும் காற்றுக் குழாயில் அழுத்தம் குறைந்தால்தான் வேகன்களில் பிரேக் பிடிக்கும். அந்த அழுத்தக் குறைவு, அவசர பிரேக்கில்கூட நொடிக்குச் சுமார் 250 மீட்டர் வேகத்தில்தான் பரவும். ஒலியின் வேகத்தைத் தாண்டவே முடியாது. ரயில் 2 கிலோமீட்டர் நீளம் என்றால் 8 நொடி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் அந்த வேகன் 130 மீட்டருக்கு மேல் ஓடிவந்து, ஏற்கெனவே பிரேக் பிடித்த முன்பகுதியை நெருக்கும். இந்தக் கணக்கை அப்படியே எழுதினேன். என்னைத் தேற வைத்தது இதுதான் என்று நம்புகிறேன்.

பிரேக்கை விடுவிப்பதும் இதே கதைதான். குழாய் நீள நீளக் கசிவு கூடும், காற்று நிரம்ப நேரமாகும். கடும் குளிரில் கசிவு இன்னும் மோசம்.

மற்றவை, சுருக்கமாக:
- வளைவில் முன்னால் காலி வேகன்கள், பின்னால் பாரமானவை என்றால், இழுக்கும்போது காலி வேகன்கள் உட்புறமாகத் தடம் புரளலாம்.
- நீண்ட ரயில் லெவல் கிராசிங்குகளை அடைத்து நிற்கும்.
- யார்டில் பிரித்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

லூப் பாதையை (ரயில் ஒதுங்கி நிற்கும் பக்கப் பாதை) மட்டும் பட்டியலில் ஒரு வரியாகத் தள்ளிவிடாதீர்கள். எதிரே வரும் ரயிலுக்கு ஒதுங்கி வழிவிட முடியாத நீளம் அன்றாட ஓட்டத்துக்கு உதவாது. இந்தியாவில் வழக்கமான லூப் 686 மீட்டர். ஐரோப்பாவின் முக்கியச் சரக்குத் தடங்களில் ரயில் நீளத்துக்கான இலக்கு 740 மீட்டர். கேள்வியில் 'ஒற்றைப் பாதை' என்ற சொல் இருந்தால் இதையே முதல் பத்தியாக்குங்கள். கப்ளரும் பிரேக்கும் பிறகு வரட்டும்.