கதாநாயகனுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை

மூன்று வருசமாக ஒரு நாவலோடு மல்லுக்கட்டுகிறேன். 1942இல் ஜப்பான்காரன் இலங்கையைப் பிடித்திருந்தால்? அதுதான் கதை.

நிஜத்தில் ஏப்ரல் 4ஆம் திகதி பேர்ச்சால் என்ற கனேடிய விமானி ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு தகவல் அனுப்பினார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலை. அதோடு போய்விட்டார்கள். என் கதையில் அந்தத் தகவல் வந்து சேரவில்லை. "அந்தக் கப்பல்கள்ல தரையிறங்குற பட்டாளமே இல்லையே சேர்" என்று பழைய மாணவன் ஒருவன் மடக்கினான். சரி, ஏற்றிவிட்டேன்.

பட்டாளம் ரயில் பாதையோடு, மலையகத்துத் தேயிலைத் தோட்டங்கள் இருக்கும் அப்புத்தளைக்கு ஏறுகிறது. தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஆட்களை நிறுத்தி, ஜப்பான் அதிகாரி கதாநாயகனைக் கேட்கிறான்: "நீ இந்தியனா?"

அங்கேதான் எழுத்து நின்றுபோனது. ஜப்பான்காரன் பிடித்த மலாயாவின் தோட்டங்களில் நடந்ததைப் பார்த்தால், இந்தியாவிலிருந்து வந்த வம்சமான நம் தோட்டத்து ஆட்களில் சிலர் நேதாஜி படைக்குப் போயிருப்பார்கள். சயாம் - பர்மா ரயில் பாதை போட இழுத்துப்போனவர்கள் எத்தனை பேரோ. கதாநாயகனின் பதிலை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன்.

அப்பாவைப் பெற்ற அப்பாயிக்குப் படித்துக் காட்டினேன். "இதுக்கு ஜப்பான்காரன் என்னத்துக்குடா? வெள்ளக்காரன் போன கையோட இவங்களே கேட்டாங்களே" என்றார்.

கேட்டார்கள்தான். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டத்துக்கு இங்கே பிறந்தது மட்டும் போதவில்லை. அப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும். தோட்டத்து வரிசை வீட்டில் கிடக்கும் லயத்துக்காரன் பூட்டனின் பிறப்புக்குச் சாட்சி தேடி எங்கே போவான்? 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவும் சாஸ்திரியும் எங்களைக் கொழுந்து நிறுப்பதுபோல் பிரித்தார்கள்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தாத்தாவின் குடியுரிமை மனு மூன்று தடவை திரும்பி வந்ததாம். தோட்டத்து ஆள்பதிவான செக்ரோலில் ஒரு பேர், மனுவில் இன்னொன்று. கணக்கப்பிள்ளை காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். தகரப் பெட்டியில் இரண்டு கடுதாசியும் கிடக்கின்றன. பேர்தான் வேறு, கைநாட்டு ஒன்றே.

கதாநாயகனுக்கு அதில் ஒன்றை வைக்கலாமென்று, எது நிஜப் பேர் என்று அப்பாயியிடம் கேட்டேன். இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"எனக்கென்னடா தெரியும்? நா ஏங்கன்னுதான் கூப்புடுவேன்."